டயாலிசிஸ் நாற்காலியில் கண்ணின் அழுத்தம்

டயாலிசிஸ் எடுப்பவரின் கண் அழுத்தம் ஒரே அமர்வில், நான்கு மணி நேரத்துக்குள், ஏறவும் செய்யும்; இறங்கவும் செய்யும். நல்ல நிலையில் உள்ள கண் இந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும். நோயாளிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழி ஏற்கெனவே அடைபட்டிருந்தால், அதே மாற்றம் வாரத்துக்கு மூன்று முறை பார்வை நரம்பை நசுக்கும். அப்படி இழந்த பார்வையை எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

மலேசியாவில் இந்தச் சிக்கலை ஓர் அரிய நோயாக ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் இனிப்புநீர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நாட்டில் டயாலிசிஸ் சார்ந்து வாழ்பவர்கள் 50,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தை அழித்தது இனிப்புநீர்தான் என்கின்றன தேசிய சிறுநீரகப் பதிவேட்டின் அறிக்கைகள். போர்ட் கிள்ளான் தொடங்கி கிள்ளான், ஷா ஆலாம் வழியாகப் பிரிக்பீல்ட்ஸ் வரை நீளும் வட்டாரத்தில், டயாலிசிஸ் போகும் ஒருவரையாவது அறியாத தமிழ்க் குடும்பத்தைக் காண்பது கடினம். சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுத்த அதே நோய் விழித்திரையின் குழாய்களையும் கெடுத்திருக்கும். எனவே இங்கே டயாலிசிஸ் நாற்காலியில் அமரும் பெரும்பாலோரின் கண் புதுக் கண் அல்ல. பல ஆண்டுகளாக அடிபட்ட கண்.

கண்ணின் முன்பகுதியில், கார்னியாவுக்கும் லென்சுக்கும் இடையே, தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறி வடிகிறது. ஐரிஸுக்குப் பின்னால் உள்ள சிலியரி உடலம் அதை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோலிட்டர் அளவில் சுரக்கிறது. நீர் கண் பாப்பா வழியாக முன்னறைக்கு வந்து, ஐரிஸும் கார்னியாவும் சேரும் கோணத்தில் உள்ள சல்லடை போன்ற திசுவைக் கடந்து, ஷ்லெம் கால்வாய் வழியாகக் கண்ணின் மேற்புறச் சிரைகளில் கலக்கிறது. சிறு பகுதி வேறொரு பாதையில் கண்ணின் உட்திசுக்களுக்குள் கசிந்து போகிறது. சுரப்பும் வடிகாலும் சமமாக இருக்கும்வரை அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும்.

டயாலிசிஸின்போது நடப்பதைப் புரிந்துகொள்ள, வடிகாலின் திறனை எண்ணில் பார்ப்பது உதவும். ஆரோக்கியமான கண்ணில் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் நிமிடத்துக்குச் சுமார் 0.3 மைக்ரோலிட்டர் நீர் கூடுதலாக வெளியேறும். அந்தக் கண்ணுக்குள் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர் நீர் அதிகமாகப் புகுந்தால், மூன்று மில்லிமீட்டர் அழுத்த உயர்விலேயே வடிகால் அதைச் சமாளித்துவிடும். கண் அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோய் உள்ள கண்ணில் அந்தத் திறன் 0.1 ஆகச் சுருங்கியிருக்கலாம். அப்போது அதே ஒரு மைக்ரோலிட்டரை வெளியேற்றப் பத்து மில்லிமீட்டர் உயர்வு தேவைப்படும். ஒரே இயந்திரம், ஒரே சிகிச்சை, ஒரே அளவு நீர். அருகருகே படுத்திருக்கும் இருவரின் கண்களில் விளைவு மட்டும் மூன்று மடங்கு வேறுபடுகிறது.

சரி, அந்தக் கூடுதல் நீர் எங்கிருந்து வருகிறது? விடையின் தொடக்கம் 1960களில் இருக்கிறது. வில்லெம் கோல்ஃப் 1943இல் நெதர்லாந்தில் உருவாக்கிய செயற்கைச் சிறுநீரகம், 1960இல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் அமைத்த நிலையான குழாய் இணைப்புக்குப் பிறகுதான் ஒருவரை ஆண்டுக்கணக்கில் வாழவைக்கும் சிகிச்சையாக மாறியது. சில ஆண்டுகளிலேயே, அமெரிக்காவின் டென்வரில் பணியாற்றிய தாய்லாந்து மருத்துவர் விசித் சித்பிரிஜாவும் அவருடைய சகாக்கள் ஹோம்ஸ், எல்லிஸ் ஆகியோரும், டயாலிசிஸ் நடக்கும்போது கண் அழுத்தம் ஏறுவதை 1964இல் ஆய்விதழ்களில் பதிவு செய்தார்கள். இரத்தத்தின் செறிவு வேகமாகக் குறைவதோடு அவர்கள் அதைத் தொடர்புபடுத்தினார்கள். தென்கிழக்காசியச் சிறுநீரக மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவர் இந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே எழுப்பியவர் என்பது இந்த வட்டாரத்தில் இன்னும் பரவலாகப் பேசப்பட வேண்டிய செய்தி.

செறிவு என்பது இங்கே இரத்தத்தில் கரைந்திருக்கும் உப்பு, சர்க்கரை, யூரியா போன்றவற்றின் மொத்த அடர்த்தி. சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தில் யூரியா லிட்டருக்கு 30 மில்லிமோல் வரை சேர்ந்திருக்கலாம். நான்கு மணி நேர அமர்வு போதுமானது என்று கருதப்பட, அந்த யூரியாவில் குறைந்தது 65 விழுக்காடாவது வெளியேற வேண்டும். அதாவது 30 என்பது 10க்கு அருகில் இறங்குகிறது. இரத்தத்திலிருந்து யூரியா இவ்வளவு விரைவாகப் போனாலும், கண்ணுக்குள் இருக்கும் யூரியா அதே வேகத்தில் வெளியே வர முடிவதில்லை. இரத்தத்துக்கும் கண் நீருக்கும் இடையே உள்ள தடுப்பு அதைத் தாமதப்படுத்துகிறது. சற்று நேரத்துக்குக் கண் நீர் இரத்தத்தைவிடச் செறிவு மிகுந்ததாகிவிடுகிறது. அடர்த்தி குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் நகர்கிறது. ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிமோல் வேறுபாடு, முழுதும் தடுக்கும் ஒரு சவ்வின் குறுக்கே, ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இழுவிசையை உண்டாக்கும். யூரியா மெதுவாகவேனும் கசிந்துவிடுவதால் கண்ணில் அந்த முழு விசையும் செயல்படுவதில்லை. ஆனாலும் இயல்பான கண் அழுத்தத்தின் மேல்வரம்பே 21தான் என்பதை நினைத்தால், சிறு வேறுபாட்டுக்கும் எவ்வளவு வலிமை உண்டு என்பது விளங்கும். மூளையிலும் இதே நிகழ்வு உண்டு. யூரியா மிகுந்த நிலையில் முதல் அமர்வுகளை வேகமாக நடத்தினால் தலைவலி, வாந்தி, குழப்பம், சில சமயம் வலிப்பு வருவது அதனால்தான்.

இதற்கு நேர் எதிராக இழுக்கும் விசையும் அதே இயந்திரத்தில்தான் இருக்கிறது. கழிவை நீக்குவதோடு உடலில் தேங்கிய நீரையும் டயாலிசிஸ் உறிஞ்சி எடுக்கிறது. நீர் போய் இரத்தம் சுண்டும்போது அதிலுள்ள புரதங்களின் அடர்த்தி கூடுகிறது. அப்போது இரத்தம் திசுக்களிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது, கண்ணிலிருந்தும் இழுக்கிறது. ஆக, யூரியா குறைவது கண் அழுத்தத்தை ஏற்றப் பார்க்கிறது, நீர் எடுப்பது இறக்கப் பார்க்கிறது. எந்த விசை ஓங்கும் என்பது நோயாளியின் யூரியா அளவு, எடுக்கப்படும் நீரின் அளவு, இயந்திரக் கரைசலின் சோடியம், கண்ணின் வடிகால் ஆகியவற்றைப் பொறுத்தது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளில் சிலவற்றில் கண் அழுத்தம் ஏறியது, சிலவற்றில் இறங்கியது, சிலவற்றில் மாறவே இல்லை. இதை முரண்பாடாகப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் ஒரு குழுவின் சராசரியைக் காட்டி 'டயாலிசிஸால் கண்ணுக்கு ஒன்றும் ஆவதில்லை' என்று முடிவு செய்வது ஆபத்தானது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இறங்கி, ஒருவருக்கு 35க்கு ஏறினால், சராசரி அந்த ஒருவரை மறைத்துவிடும்.

அந்த ஒருவர் யார் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். கோணம் குறுகிய கண் உள்ளவர்கள் முதல் வகை. சீனர் உள்ளிட்ட கிழக்காசிய இனத்தவரிடம் இது கூடுதலாகக் காணப்படும், வயதும் முற்றும் கண்புரையும் அதைக் கூட்டும். கிளாக்கோமாவுக்கு ஏற்கெனவே சொட்டு மருந்து விடுபவர்கள் அடுத்த வகை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மிகுந்த கவனம் வேண்டியது மூன்றாம் வகை: முற்றிய இனிப்புநீர் விழித்திரை நோயில், இரத்தம் கிடைக்காத விழித்திரை அனுப்பும் வேதிச் செய்தியால் ஐரிஸின் மேலும் கோணத்துக்குள்ளும் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்து வடிகாலை மூடிவிடும் நிலை. இவர்களின் கண் அழுத்தம் டயாலிசிஸ் இல்லாத நாளிலேயே 40, 50 என்று இருக்கலாம்.

இன்னொரு காரணம் அடிக்கடி மறக்கப்படுகிறது. கண் நீர் கடைசியில் போய்ச் சேருவது சிரையில். கழுத்திலோ மார்பிலோ நெடுநாள் இருந்த டயாலிசிஸ் குழாயால் பெருஞ்சிரை சுருங்கி, அதே பக்கக் கையில் டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலா வேகமாக இரத்தத்தைக் கொட்டினால், அந்தப் பக்கத் தலையின் சிரைகளில் அழுத்தம் கூடும். முகம் வீங்கும், கண் சிவக்கும், கண் அழுத்தம் ஏறும். ஒரே கண் சிவந்து அழுத்தம் ஏறியிருக்கும் டயாலிசிஸ் நோயாளியின் கையையும் கழுத்தையும் பார்ப்பது கண் மருத்துவரின் வேலையும்தான். இங்கே தீர்வு சொட்டு மருந்தில் இல்லை. சுருங்கிய சிரையை விரிப்பதில் இருக்கிறது.

கண் அழுத்தம் ஏறாவிட்டாலும் பார்வை நரம்பு காயப்படலாம். நரம்புக்கு இரத்தம் போய்ச் சேரும் விசையை, சராசரி இரத்த அழுத்தத்தின் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து கண் அழுத்தத்தைக் கழித்துக் கணிப்பது வழக்கம். இரத்த அழுத்தம் 120/75, கண் அழுத்தம் 16 என்றால் அந்த விசை 44. மூன்றாம் மணி நேரத்தில் இரத்த அழுத்தம் 85/50க்கு விழுந்து, கண் அழுத்தம் 26க்கு ஏறினால் அது 15 ஆகிவிடுகிறது. நரம்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் நின்றுபோய், வலியே இல்லாமல் ஒரு கண் இருண்டுபோன நிகழ்வுகள் டயாலிசிஸ் நோயாளிகளிடம் பதிவாகியுள்ளன. இரத்த அழுத்தம் விழுந்தால் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்துவது தாதியர் செய்யும் முதல் உதவி. உயிருக்கு அது தேவை. ஆனால் தலை தாழ்ந்த நிலை கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதால், கிளாக்கோமா உள்ளவரை இரத்த அழுத்தம் மீண்டதும் அப்படியே விட்டுவிடாமல் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும்.

அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. கண்ணைச் சுற்றி வலி, மங்கல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம், குமட்டல், தலைவலி: இவற்றில் தலைவலியும் குமட்டலும் டயாலிசிஸில் யாருக்கும் வருபவை. பெனடோல் கொடுத்து அமர்வை முடித்துவிடுவது எளிது. வலி ஒவ்வொரு அமர்விலும் ஏறத்தாழ அதே மணி நேரத்தில், அதே கண்ணின் பக்கம் வந்து, வீடு திரும்பிய சில மணி நேரத்தில் அடங்கினால், அது கண்ணிலிருந்து வருகிறதா என்று சோதித்தே ஆக வேண்டும். சோதனை பெரிய காரியமல்ல. கார்னியாவை மெல்லத் தொட்டுத் திரும்பும் சிறு கையடக்கக் கருவி, மயக்கச் சொட்டுகூட இல்லாமல், நாற்காலியில் இருப்பவரிடமே சில நொடிகளில் அழுத்தத்தைச் சொல்லிவிடும். தொடங்கும் முன், இரண்டாம் மணி நேரத்தில், முடியும் தறுவாயில் என மூன்று முறை அளந்தால் அந்த நோயாளியின் போக்கு தெரிந்துவிடும்.

நடைமுறையில் தடையாக இருப்பது தொலைவும் நாளும்தான். டயாலிசிஸ் பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்கு வெளியே, கடைவீடுகளில் இயங்கும் தனியார், தொண்டு நிறுவன மையங்களில் நடக்கிறது. கண் பரிசோதனை கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலோ, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள துன் உசேன் ஓன் தேசிய கண் மருத்துவமனையிலோ நடக்கிறது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸுக்குப் போகிறவர் கண் மருத்துவரைச் செவ்வாயோ வியாழனோ பார்க்கிறார். அழுத்தம் மாறும் அந்த நான்கு மணி நேரம் கண் மருத்துவரின் பார்வைக்கு வருவதே இல்லை. செவ்வாய்க்கிழமை 17 என்று எழுதிய அட்டை புதன்கிழமை நடந்ததைச் சொல்லாது. பல அரசாங்கக் கிளினிக்குகளில் இனிப்புநீர் நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுக்கிறார்கள். அது மிக நல்ல ஏற்பாடு, ஆனால் அந்தப் படம் அழுத்தத்தை அளப்பதில்லை. ஆபத்துள்ள நோயாளிக்கு ஒரே ஒரு முறையாவது டயாலிசிஸ் நடக்கும்போதே கண் அழுத்தம் அளக்கப்பட வேண்டும். மருத்துவமனையின் சொந்த டயாலிசிஸ் பிரிவில் ஓர் அமர்வை ஏற்பாடு செய்தாலே இது முடியும்.

ஏற்றம் உறுதியானால், முதலில் மாற்ற வேண்டியது டயாலிசிஸின் வேகம். இரத்த ஓட்டத்தைக் குறைத்து, அமர்வை நீட்டினால் யூரியா மெல்ல இறங்கும். கண் நீருக்குச் சமன்பட நேரம் கிடைக்கும். கரைசலின் சோடியத்தைத் தொடக்கத்தில் சற்றுக் கூட்டி, பின்னர் படிப்படியாகக் குறைப்பது இரத்தத்தின் செறிவு சட்டென விழாமல் தாங்கும். ஆனால் கூடுதல் சோடியம் தாகத்தைத் தூண்டும். வீட்டில் தண்ணீர் குடித்து எடை ஏறி வருவார். ஆகவே அளவோடு செய்ய வேண்டியது. கரைசலின் வெப்பத்தை 36 பாகைக்கு அருகில் வைப்பது இரத்த அழுத்தம் விழாமல் காக்க உதவும். நீர் எடுக்கும் வேகம் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் அது ஏறத்தாழ மூன்று லிட்டர். இரண்டு அமர்வுகளுக்கிடையே நான்கு, ஐந்து லிட்டர் ஏற்றி வருபவரிடம் இந்த வரம்பைக் காக்க முடியாது. கருவாடும் ஊறுகாயும் கடைச் சூப்பும் டயாலிசிஸ் உணவுப் பட்டியலில் தடுக்கப்படுவதற்கு இதயத்தோடு கண்ணும் ஒரு காரணம்.

மருந்தில் சிறுநீரகம் இல்லாதவருக்கு விதிகள் மாறிவிடுகின்றன. அசெட்டசோலமைட் மாத்திரை, மற்றவர்களுக்குக் கண் அழுத்தத்தை விரைவாகக் குறைக்கும் முதல் ஆயுதம். அது சிறுநீர் வழியாகவே வெளியேறும். டயாலிசிஸ் நோயாளியின் உடலில் அது தேங்கி, தூக்கம், குழப்பம், நடை தடுமாற்றம், இரத்த அமிலம் ஆகியவற்றைத் தரும். குடும்பத்தார் பக்கவாதம் என்று அஞ்சி ஓடி வருவார்கள். அவசரப் பிரிவில் கண்ணை மட்டும் பார்த்து வழக்கமான அளவில் இந்த மாத்திரையை எழுதுவது தவிர்க்க வேண்டிய தவறு. மேனிட்டால் ஊசியும் அப்படியே: சிறுநீர் போகாதவருக்கு டயாலிசிஸ் இல்லாத வேளையில் செலுத்தினால், அது இரத்தத்திலேயே தங்கித் தண்ணீரை உள்ளிழுத்து நுரையீரலில் நீர் கோத்துவிடும். ஆனால் டயாலிசிஸ் நடக்கும்போது கொடுத்தால், இரத்தத்தின் செறிவு விழாமல் அது தாங்கும், பின்னர் இயந்திரமே அதை வெளியேற்றும்.

சொட்டு மருந்துகளில் லாட்டனோபுரோஸ்ட் சிறுநீரக நோயாளிக்குப் பொதுவாகச் சிக்கல் தராதது. டிமோலோல் கண்ணிலிருந்து மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பைக் குறைக்கும். டயாலிசிஸில் இரத்த அழுத்தம் விழும் வழக்கமுள்ளவருக்கும் ஆஸ்துமா உள்ளவருக்கும் அது பொருந்தாமல் போகலாம். டோர்சோலமைட் அசெட்டசோலமைட்டின் இனம். சொட்டாகவே விட்டாலும் கடும் சிறுநீரகச் செயலிழப்பில் அதைப் பரிந்துரைப்பதில்லை. எந்தச் சொட்டானாலும், விட்டதும் கண்ணை மூடி உள்மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் உடலுக்குள் போவது குறையும். டயாலிசிஸ் நாள் காலையில் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவைக்கச் சொல்லப்பட்டவர்கள், கண் சொட்டையும் சேர்த்து விட்டுவிடுவதுண்டு. மருத்துவர் தனியாகச் சொல்லாதவரை கண் சொட்டு அன்றும் விடப்பட வேண்டியதே.

கோணம் குறுகிய கண்ணுக்கு லேசர் மூலம் ஐரிஸில் சிறு துளையிடுவதும், காலத்தே கண்புரையை அகற்றுவதும் நிலையான தீர்வு. புதுக் குழாய் முளைத்த கண்ணுக்கு விழித்திரை லேசரும், குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் ஊசியும் வேண்டும். கோணம் முழுதும் மூடிவிட்டால் நீரை வெளியேற்றக் குழாய் பொருத்தும் அறுவை அல்லது சிலியரி உடலத்தை லேசரால் சுடும் சிகிச்சை. அறுவையை டயாலிசிஸுக்கு மறுநாள் வைப்பது வழக்கம். உடலில் நீரும் பொட்டாசியமும் குறைந்திருக்கும், இயந்திரத்தில் இரத்தம் உறையாமலிருக்கச் செலுத்திய ஹெப்பரினும் தீர்ந்திருக்கும். அறுவைக்குப் பின் வரும் முதல் அமர்வில் ஹெப்பரின் இல்லாமலோ மிகக் குறைத்தோ நடத்தும்படி டயாலிசிஸ் மையத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லையேல் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். அந்த ஒரு வரிக் கடிதம் நோயாளியின் பையில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது அறுவையைப் போலவே முக்கியம்.

இவ்வளவும் செய்தும் ஒவ்வொரு அமர்விலும் அழுத்தம் ஏறினால், வயிற்றுவழி டயாலிசிஸுக்கு மாறுவதைப் பேசலாம். அது நாள் முழுதும் மெல்ல நடப்பதால் இரத்தத்தின் செறிவு திடீரென விழுவதில்லை; மலேசியச் சுகாதார அமைச்சும் இந்த முறையை ஊக்குவித்து வருகிறது. ஆனால் பையை மாற்றும்போது குழாய் முனையைத் தொடாமல் இணைக்க ஓரளவு பார்வை வேண்டும், இல்லையென்றால் பயிற்சி பெற்ற துணை வேண்டும். அதனால் இந்த மாற்றத்தைப் பார்வை முழுதும் போன பிறகு அல்ல, ஒரு கண்ணாவது நன்றாக இருக்கும்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது. பார்வையை இழந்துவிட்டவர்களும் டயாலிசிஸைத் தொடர்ந்தாக வேண்டும். நடமாடவும், அன்றாட வேலைகளைத் தாமே செய்யவும் அவர்களுக்குப் பயிற்சி தரும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம், 1951இல் தொடங்கப்பட்டு, பிரிக்பீல்ட்ஸிலேயே இயங்கி வருகிறது. போர்ட் கிள்ளானிலிருந்து கோமுட்டர் இரயிலில் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி அங்கே போகலாம்.